தென்னாப்பிரிக்காவின் ஒதுங்கிய கடற்கரை ஊர்களைப் பற்றிச் சிறுகதை எழுதி நூலாக்குவது எப்படி?

டர்பனில் இருந்துகொண்டு தமிழில் கதை எழுதுகிறவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் கடற்கரைக் குக்கிராமங்களைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எங்கே போவது, யாரிடம் அனுமதி கேட்பது, எழுதி முடித்த பிறகு எப்படி நூலாக்குவது, எதற்கெல்லாம் பணம் போகும்? நான் தொடங்கியபோது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். கதை எழுதும் கலையை நான் சொல்லித்தரப் போவதில்லை, அது உங்களிடம் இருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வீடு உள்ள ஊரைப் பற்றிக் கதை எழுதினால், எந்தப் பாத்திரம் யார் என்று அந்த நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். அச்சு வேலையில் வரும் சிக்கலைப் பணம் கொடுத்துத் தீர்க்கலாம். இதைத் தீர்க்க முடியாது. அதனால் கீழே நான்காம் படியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

1. ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்றை

இந்த நாட்டின் கடற்கரை ஒரே மாதிரி இல்லை. மேற்குக் கரையில் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம், கிழக்கே வெதுவெதுப்பான அகுலாஸ் நீரோட்டம். மீன், படகு, மழைக்காலம், மொழி எல்லாமே மாறும். முதல் தொகுப்பில் எல்லாக் கரையையும் தொட்டுவிட வேண்டும் என்று கிளம்பினால் பெட்ரோல் செலவுதான் மிஞ்சும்.

டர்பனிலிருந்து பார்த்தால் வாய்ப்புகள் இவை. வடக்கே மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி பே. அங்கே சோங்கா மக்கள் கழிமுகத்தில் கழிகளை நட்டு வளைவு வளைவாகக் கட்டிய மீன்பொறிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். டர்பனிலிருந்து 400 கி.மீ.க்கு மேல், கடைசிப் பகுதி மணல் பாதை. தெற்கே முதாம்வுனா ஆற்றைத் தாண்டினால் வைல்ட் கோஸ்ட் என்ற கடற்கரைப் பகுதி. அங்கே பாறைகளில் சிப்பி பறிக்கும் பொண்டோ பெண்களின் உலகம் இருக்கிறது. அகுலாஸ் முனைக்கு அருகில் ஆர்னிஸ்டன் ஊரில், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த குடிசைகளோடு கஸ்ஸீஸ்பாய் என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஆனால் நமக்கு அது கேப் டவுனுக்கு விமானம், அப்புறம் இன்னொரு 200 கி.மீ. வாடகைக் கார்.

சுலு, கோசா, ஆஃப்ரிகான்ஸ் எதுவும் பேச வராதவர்கள் டர்பனிலேயே தொடங்குங்கள். துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து காலம் முடித்த நம்மவர்கள் கரைவலை போட்டுப் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். பிறகு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் அவர்களை மீண்டும் பெயர்த்தது. அந்தக் குடும்பங்களின் தாத்தாக்களும் ஆயாக்களும் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள். ஒதுங்கிய ஊர் என்றால் வெகுதூரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாமலே போன ஊரும் கதைக்குரியதுதான், அதைப் பார்க்கப் பேருந்துக் கட்டணம் போதும்.

2. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள்

நம் வசதிக்குப் போனால் ஊர் காலியாக இருக்கும், அல்லது பேச நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மத்தி மீன் கூட்டம் குவாசூலு-நட்டால் தென்கரைக்கு வருவது பெரும்பாலும் ஜூன், ஜூலையில். வருவதும் வராததும் கடலின் இஷ்டம். கரைவலைக்காரர்களைப் பார்க்க அதுதான் நேரம், ஆனால் கேள்வி கேட்க அது நேரமே அல்ல. வலை கரைக்கு வரும்போது முடிந்தால் கயிற்றில் கை போடுங்கள், இல்லாவிட்டால் ஒதுங்கி நில்லுங்கள். பேச்செல்லாம் ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற மாதம் அது, மனிதர்கள் தாமாகவே பேசுவார்கள். ஷாட் மீனுக்கு அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கத் தடை உண்டு. அந்த இரண்டு மாதத்தில் ஒரு பாத்திரம் ஷாட் பிடித்துப் பொரிப்பதாக எழுதினால், அவர் சட்டத்தை மீறுகிறார் என்று ஊரில் படிப்பவர் உடனே கண்டுகொள்வார்.

சிப்பி பறிக்கும் பெண்களைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போக வேண்டும். அப்போதுதான் கடல் அதிகமாக வற்றிப் பாறைகள் வெளியே தெரியும். கிழக்குக் கரையில் அந்த நாட்களில் தண்ணீர் மிகக் குறைவாக இருப்பது காலை பத்து மணி வாக்கில். வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியே தேதிக்குப் போதும். மணி நேரத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீர்ப்பரப்பு அலுவலகம் வெளியிடும் ஓத அட்டவணையைப் பாருங்கள். பெண்கள் எட்டு மணிக்கே இறங்கத் தொடங்குவார்கள். நீங்கள் பத்து மணிக்குப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள். விடுமுறைக் கூட்டம், தங்கும் விலை இரண்டும் ஏறிவிடும். சனிக்கிழமைகளில் கோசா, பொண்டோ ஊர்களில் பெரும்பாலும் இறுதிச் சடங்கு இருக்கும், அன்று பேட்டி என்று போய் நிற்காதீர்கள். கிழக்கே அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். கனமழைக்கு மறுநாள் மண் சாலையில் சாதாரணக் காரைக் கொண்டுபோவது ஆபத்து. மேற்கு கேப்பில் மழை நேரெதிராகக் குளிர்காலத்தில் வரும்.

3. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஊர்த் தலைவர். சுலு பகுதியில் இந்துனா, வைல்ட் கோஸ்டில் இசிபோண்டா. அவரைப் பார்க்காமல் வீடுகளுக்குள் போவது மரியாதை அல்ல. நீங்கள் யார், என்ன எழுதுகிறீர்கள், அதனால் ஊருக்கு என்ன என்பதை ஒரே பக்கத்தில் அவர்கள் மொழியில் எழுதி, அடையாள அட்டை நகலோடு கொண்டுபோங்கள். சுரங்கம், எண்ணெய் என்று வந்த ஆட்களால் வைல்ட் கோஸ்ட் ஊர்கள் சலித்துப் போயிருக்கின்றன. கடலடி எண்ணெய்த் தேடலுக்கு எதிராக அவர்கள் நீதிமன்றம் வரை போய் 2022இல் தீர்ப்பும் வாங்கியவர்கள். நோட்டும் கையுமாக வருகிற அந்நியரை அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். முதல் வருகையில் நோட்டைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரை ஊர்த் தலைவர் வீட்டிலிருந்தே அழைத்துக்கொண்டால் மரியாதைக்குச் சொல்லும் பதில்கள்தான் கிடைக்கும், மனதில் இருப்பது வராது. பெண்களிடம் பேசப் போகிறீர்கள் என்றால் பெண்ணையே அழையுங்கள். நாள் கூலியை முன்னாலேயே பேசி, அன்றன்று மாலையே கொடுத்துவிடுங்கள். ரொக்கம் கொண்டுபோங்கள், ஏடிஎம் தேடிப் போனால் அரை நாள் போய்விடும்.

கோசி பே கழிமுகம் இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே போக அனுமதிச்சீட்டும் நான்கு சக்கர இயக்க வண்டியும் வேண்டும். வண்டி இல்லாதவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். அது மலேரியா பகுதி என்பதால் கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அனுபவத்துக்காக நீங்களே சிப்பி பறித்துப் பார்க்க வேண்டுமா? பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அதிலும் நாளுக்கு 30 சிப்பிதான். பாறையில் நிற்கும்போது ஒருபோதும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

4. சம்மதமும் மறைப்பும்

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் போபியா என்கிறார்களே அது, 2013ஆம் ஆண்டின் சட்டம். அதன் 7ஆம் பிரிவு இலக்கியப் படைப்புக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு தனியுரிமைக்கும் கருத்துச் சுதந்திரத்துக்கும் இடையே சமன் செய்யத் தேவைப்படும் அளவுக்கு மட்டும்தான். ‘கதைதானே’ என்ற ஒரு சொல்லால் எல்லாம் தீர்ந்துவிடாது.

சம்மதத்தை இரண்டாகக் கேளுங்கள். பேசவும் பதிவு செய்யவும் சம்மதமா என்பது ஒன்று. கேட்டதை வைத்துக் கதை எழுதி வெளியிடலாமா என்பது வேறு. முதலாவதற்குச் சரி என்று சொன்னவர் இரண்டாவதற்கு முடியாது என்று சொல்லலாம், சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதில் எந்தப் பொருளும் இல்லை. அவர் மொழியில், அவர் குரலில், பதிவில் சம்மதத்தை வாங்குங்கள். காவல் நிலையங்களில் உறுதிமொழிப் பத்திரத்துக்கு இலவசமாகச் சான்று தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மீனவரைக் காவல் நிலையத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடாதீர்கள். அந்த வாசலில் அவர்களில் பலருக்கு வேறு நினைவுகள் இருக்கும்.

இனி மறைப்பு. பெயரை மட்டும் மாற்றினால் ஊருக்கு வெளியே இருப்பவருக்குத்தான் அது மறைப்பு. ஊரில் நீலப் படகு ஒருவரிடம்தான் இருக்கும். இரண்டு மகன்களைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருவர்தான் இருப்பார். அதனால் படகின் நிறம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீடு இருக்கும் திசை, இறந்த விதம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒருவர் வாழ்க்கையை இரண்டு பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஆண் செய்ததைப் பெண் செய்ததாக எழுதிப் பாருங்கள், பல கதைகள் அப்படித்தான் உயிர் பெறுகின்றன. கடலை மட்டும் மாற்றாதீர்கள். கோசி பேயில் கேட்ட சம்பவத்தை ஆர்னிஸ்டனுக்கு நகர்த்தினால் மீன், ஓதம், காற்று எல்லாமே பொய்யாகிவிடும். மனிதரை மறைக்க வேண்டுமென்றால் அதே கரையில் பெயரில்லாத ஓர் ஊரைக் கற்பனையாகக் கட்டுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடி. பெர்லமூன் என்ற அபலோனி, கல் இறால், தடைசெய்யப்பட்ட இடத்தில் வலை போடுவது எல்லாம் கேட்கக் கேட்கக் கதையாக வந்து விழும். சிறு மீனவர்களுக்கான உரிமை இப்போது கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக 15 ஆண்டுக்குத் தரப்படுகிறது. ஓர் ஆளின் சிறு தவறு சங்கத்துக்கே தொல்லையாகலாம். அதேசமயம் நமக்குத் திருட்டு என்று தோன்றுவது அவர்களுக்குப் பாட்டன் காலத்து உரிமையாக இருக்கும். வைல்ட் கோஸ்டில் உள்ள த்வேசா-க்வெபே பகுதி மீனவர்களின் வழக்கில் 2018இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட மரபுரிமையை ஏற்றது. அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆனால் செயல், ஆள், ஊர்ப் பெயர் மூன்றும் ஒரே கதையில் சேர்ந்து வரக் கூடாது. குறிப்பேட்டிலும் முழுப் பெயர் வேண்டாம்.

வெளியிடும் முன் கதையை உரியவருக்கு வாய்மொழியாகச் சொல்லிக் காட்டுங்கள். இதற்காகவே ஒரு பயணம் போக வேண்டியிருக்கும், அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். தன்னைப் பற்றிய எந்த விவரத்தையும் நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பது என் முடிவு. கதை எப்படி முடிய வேண்டும் என்பது மட்டும் உங்கள் உரிமை. கடலில் பறிபோன மகனைப் பற்றி எழுதலாம், படகு யாருடையது என்பது மட்டும் வேண்டாம் என்று ஒரு தாய் என்னிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் படகை வாங்கிய கடன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டிருக்காவிட்டால் அது எனக்குத் தெரியவே தெரிந்திருக்காது.

5. பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேசுவது

பொண்டோ பெண் ஒருவரின் வாயில் தூத்துக்குடிப் பேச்சைப் போடாதீர்கள். கடல் என்றாலே நெய்தல் வட்டார வழக்கு என்று கை தானாகப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். எளிய பொதுத்தமிழில், குறைந்த சொற்களில் எழுதினால் போதும். உள்ளூர்ச் சொல் ஒரு கதைக்கு நான்கைந்து இருக்கட்டும், பொருள் சூழலிலிருந்தே புரிய வேண்டும். சாட்ஸ்வொர்த் பாத்திரங்களுக்கு மட்டும் அவர்கள் உண்மையில் பேசுகிற கலப்பை அப்படியே விடுங்கள். தமிழ் உறவுச்சொற்கள் நடுவில் மிதக்கிற அந்த ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் கொண்டுவருவது கடினம்தான். ஆனால் அதைத் திருத்தி நல்ல தமிழாக்கினால் அவர்கள் வேறு மனிதர்களாகிவிடுவார்கள்.

6. காப்பகங்கள்

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இந்திய வம்சாவளியினரின் வாய்மொழிப் பதிவுகளும் பழைய ஆவணங்களும் உண்டு. முன்னாலேயே மின்னஞ்சலில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பல்கலைக்கழக விடுமுறையில் போகாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கினால் போதாது.

7. கதைகளை முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள்

தொகுப்புக்கு முன் நான்கைந்து கதைகளாவது இதழ்களில் வந்திருந்தால் நல்லது. சொல்வனம், மலேசியாவின் வல்லினம் போன்ற இணைய இதழ்களுக்கு மின்னஞ்சலில் யூனிகோடில் அனுப்பலாம். பதிலுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். நூலில் மறுபிரசுரம் செய்யும் உரிமை உங்களிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்கிவையுங்கள். காப்புரிமையைப் பதிவு செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் வந்தால் கொடுக்க வேண்டாம். 1978ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி எழுதிய உடனே உரிமை உங்களுடையது. ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 50 ஆண்டும் அது நிற்கும்.

8. ஐ.எஸ்.பி.என். வாங்குவது

நீங்களே வெளியிடுவதானால் இந்தச் சர்வதேசப் புத்தக எண்ணைத் தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகத்திடம் கேளுங்கள். கட்டணம் இல்லை. நூலின் பெயர், ஆசிரியர், வெளியிடுபவர், மொழி, வடிவம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி மின்னஞ்சல் செய்தால் போதும். இந்த இலவச எண்ணைக் காசுக்கு விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக வாங்கினால் வெளியீட்டாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் பதிவாகிவிடலாம். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்குத் தனி எண். அட்டை வடிவமைப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள், பின்னட்டைப் பட்டைக் குறியீடு அந்த எண்ணிலிருந்துதான் வரும்.

9. அச்சு: டர்பனா, சென்னையா?

டர்பனில் ஓர் அச்சகம் என் கோப்பைத் தங்கள் மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்தபோது கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியாகப் போய் நின்றன. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. உங்களுக்கு அது நடக்காமலிருக்க: இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உலக மொழிகளுக்கான வரித்தொகுப்பியைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் அமையுங்கள். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை போதும், இரண்டும் இலவசம். எழுத்துருக்களை உள்ளே பதித்த பி.டி.எஃப். கோப்பை மட்டும் கொடுங்கள், திறந்த கோப்பைக் கொடுக்காதீர்கள். முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதியைக் காசு கொடுத்தாவது வாங்கி, ‘கொ’, ‘பே’, ‘சௌ’ வருகிற இடங்களைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருந்தால் காகிதம் வீணாகாது.

100 பிரதிக்குள் என்றால் இங்கேயே டிஜிட்டல் அச்சு. 300க்கு மேல் என்றால் சென்னையில் விலை கேட்டுப் பாருங்கள், ஆனால் அச்சு விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். புத்தகத்துக்கு இறக்குமதிச் சுங்கம் இல்லை என்றாலும் 15% மதிப்புக்கூட்டு வரி (வாட்) உண்டு. அதுவும் பொருள் மதிப்போடு 10% கூட்டி, அதன் மேல் கணக்கிடுவார்கள். 10,000 ராண்டுக்கு வந்த புத்தகம் என்றால் 11,000க்கு 15%, அதாவது 1,650 ராண்டு. கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கும். வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது காரணமும் விலைப்பட்டியலும் கேட்பார்கள், அச்சகத்திடம் பட்டியலை உங்கள் பெயரிலேயே வாங்கிவையுங்கள். கப்பலில் வருவதானால் வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறிக்காதீர்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு மண்டபம் பார்த்தால் போதும்.

10. சட்டப்படி வைக்க வேண்டிய பிரதிகள்

1997ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டப்படி, வெளியிட்ட 14 நாளுக்குள் உங்கள் செலவில் ஐந்து பிரதிகளைக் கொடுக்க வேண்டும். தேசிய நூலகத்தின் பிரிட்டோரியா, கேப் டவுன் வளாகங்கள், நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபொன்டெய்னில் மங்காவுங் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முசுன்டுசி நூலகம் ஆகியவைதான் அந்த ஐந்து இடங்கள். 100 பிரதிக்குக் குறைவாக அச்சிட்டால் ஒரே பிரதி போதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பிரதியை டர்பன்காரர்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கலாம். மற்றவற்றைக் கூரியரில் அனுப்பி எண்ணைக் குறித்துவையுங்கள். தமிழ் நூல்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விடாதீர்கள். இந்த நாட்டில் எழுதப்பட்ட தமிழ், இந்த நாட்டின் நூலகத்தில் இருக்க வேண்டும்.

11. மின்னூலும் வரியும்

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிடலாம், அதற்கு ஐ.எஸ்.பி.என். கட்டாயமில்லை. பதிவின்போது வரும் வரி நேர்காணலைத் தள்ளிப்போடாதீர்கள். சார்ஸ் என்ற தென்னாப்பிரிக்க வரித்துறை தந்த வரி எண்ணைக் கொடுத்து, அமெரிக்க வரித்துறையின் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பினால், இரட்டை வரி ஒப்பந்தத்தால் அமெரிக்காவில் உரிமத்தொகைக்குப் பிடித்தம் இருக்காது. நிரப்பாவிட்டால் 30% போய்விடும். இந்தியப் பதிப்பகம் உரிமத்தொகை தருவதானால் அங்கே இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 10% பிடிக்கலாம். அந்தக் குறைந்த வீதம் கிடைக்க, நீங்கள் இங்கே வரி செலுத்துகிறவர் என்ற வதிவிடச் சான்றிதழைச் சார்ஸிடம் முன்கூட்டியே வாங்குங்கள். வருமானம் சிறியதானாலும் இங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

கடைசியாகச் செலவுப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: கதை தந்த ஊருக்குப் பத்துப் பிரதியும், கதைகளின் சுருக்கம் அவர்கள் மொழியில் சில பக்கமும், அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பயணமும். மொழிபெயர்ப்பாளருக்கு அன்றைக்கும் கூலி உண்டு.